பங்கில் சேராத ஏடுகள்

பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும்போது யாரும் எதையும் மறக்கமாட்டார்கள். ஆற்றுப்பாசன நஞ்சை, செக்குபந்தி விவரத்தோடு வீடு, கிணற்றில் எந்தக் கிழமை யாருக்குத் தண்ணீர், தென்கோடிப் பனை யாருக்கு, தொழுவத்து வாசல் எந்தப் பக்கம் திறக்க வேண்டும், அண்டா எத்தனை, குத்துவிளக்கு எத்தனை, ஆட்டுரல் யார் வீட்டில் கிடக்க வேண்டும், எல்லாம் தபசிலில் வந்துவிடும். தாத்தா, அப்பா, நான் என்று எங்கள் வீட்டுக்குப் பத்திர எழுத்துதான் தொழில். தாத்தா எழுதிய கச்சா நகல்கள் ஒரு தகரப்பெட்டி நிறைய என்னிடம் இருக்கின்றன. எங்கள் ஊர் ஆழ்வார்திருநகரியிலும் தென்திருப்பேரை, ஸ்ரீவைகுண்டம், குரும்பூர்ப் பக்கங்களிலும் அண்ணன் தம்பிகள் பிரிந்த கதை அந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது. வாசித்துக்கொண்டே போனால் ஒன்று மனதில் உறைக்கும். ஏட்டுச் சுவடி என்ற பேச்சே அவற்றில் எங்கும் இல்லை.

ஏடு இல்லாத ஊர் என்றால் சரி என்று விடலாம். இது கவிராயர்கள் வாழ்ந்த ஊர். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் படித்து, பாடம் சொல்லி, பாட்டுக் கட்டிப் பிழைத்த குடும்பங்கள் இங்கே இருந்தன. வைணவப் பெரியவர்கள் வீடுகளில் வியாக்கியானங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. எங்கள் ஆச்சி வீட்டுப் பரணில்கூட ஒரு கட்டு இருந்தது. சரஸ்வதி பூஜைக்கு இறக்கி, குங்குமம் வைத்து, மறுநாள் மேலே ஏற்றிவிடுவார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆச்சிக்கும் தெரியாது, ஆச்சியின் மாமியாருக்கும் தெரிந்திருக்காது. வீடு கைமாறியபோது பரணும் கைமாறியது. கட்டு போன இடம் தெரியவில்லை.

யாரும் சண்டை போடாத பொருளுக்குப் பத்திரத்தில் இடம் கிடையாது. பத்திரத்தில் இடம் இல்லாத பொருளுக்குச் சொந்தக்காரன் கிடையாது. தமிழ் ஏடுகளைப் பகைவர் அழித்தார்கள் என்று பேசுவது சுலபம். நம் பக்கத்தில் அழிந்தவற்றில் பெரும்பகுதி இப்படித்தான், யாருடைய பங்கிலும் சேராமல் அழிந்தது என்பது என் எண்ணம்.

ஏடு என்பது லேசான பொருள் இல்லை. பனங்குருத்தை வெட்டி, ஈர்க்கு நீக்கி, பதமாக வேகவைத்தோ நிழலில் உலர்த்தியோ, கல்லால் தேய்த்து மழமழப்பாக்கி, ஒரே அளவுக்கு நறுக்க வேண்டும். துளை போட்டு ஒரு துளையில் கயிற்றைக் கோக்க வேண்டும், மற்றதில் நாராசம் என்ற மெல்லிய கம்பி. மேலும் கீழும் மரச்சட்டம். எழுத்தாணியால் கீறியபிறகு விளக்குக்கரியும் இலைச்சாறும் தடவித் துடைத்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். எழுதுகிறவன் புள்ளி வைக்கமாட்டான், வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும். ஏகாரமா எகரமா என்று வாசிக்கிறவன்தான் இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வேப்பிலையும் வசம்பும் வைத்து எவ்வளவு காபந்து பண்ணினாலும் நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் கரையானுக்கும் ஈடுகொடுத்து ஒரு சுவடி இருநூறு, முந்நூறு வருஷம் நின்றால் பெரிய விஷயம். அதற்குள் யாராவது உட்கார்ந்து புது ஓலையில் பிரதி செய்துவிட வேண்டும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய பாட்டு நம் கைக்கு வந்திருக்கிறது என்றால், இடையில் ஏழெட்டுப் பேராவது முதுகு வளைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர்கள் பெயர் பெரும்பாலும் தெரியாது.

பிரதி செய்து முடித்த பழைய ஓலையை என்ன செய்வது? எழுத்து என்பது சரஸ்வதி. குப்பையில் போடக்கூடாது, காலில் படக்கூடாது. ஆற்றில் விடுவதுதான் மரியாதை. ஆடிப் பதினெட்டில் காவிரிக்கரையில் புதுமணத் தம்பதிகள் கல்யாண மாலையைத் தண்ணீரில் விடுவார்களே, அதுபோல வேலை முடிந்த பொருளை ஆற்றிடம் ஒப்படைப்பது. சம்பந்தர் வையையில் இட்ட ஏடு எதிர்நீச்சல் போட்டுத் திருவேடகத்தில் கரையேறியது என்ற கதையில் ஊறிய சனங்களுக்கு ஏட்டை ஆற்றில் விடுவது அவமரியாதையாகத் தோன்ற வழியில்லை.

சிக்கல் வந்தது 19-ஆம் நூற்றாண்டில். கவிராயர்களை ஆதரித்த பாளையக்காரர்களும் ஜமீன்களும் ஒடுங்கினார்கள். பிள்ளைகள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கும் கச்சேரி உத்தியோகத்துக்கும் போனார்கள். எழுத்தாணி பிடிக்கத் தெரிந்த கை குறைந்தது. பிரதி செய்வது நின்றுபோயிற்று. ஆனால் ஆற்றில் விடும் பழக்கம் நிற்கவில்லை. பிரதி எடுத்தபிறகு பழசை விடுவது என்று இரண்டு பாதியாக இருந்த வழக்கத்தில் முதல் பாதி உதிர்ந்து, இரண்டாம் பாதி மட்டும் தங்கிவிட்டது.

உ.வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் இதை எழுதி வைத்திருக்கிறார். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர், 1887-இல் சீவகசிந்தாமணியை அச்சிட்டு முடித்த கையோடு பத்துப்பாட்டு ஏடுகளைத் தேடித் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார். திருநெல்வேலியில் ஒரு வக்கீல் வீட்டில் வண்டிக்கணக்காக ஏடுகள் இருந்தனவாம். ஒடிந்து, பழுதுபட்டு, இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. ஆடிப் பதினெட்டில் ஏடுகளைத் தேர்போலக் கட்டி ஆற்றில் விடுவது சம்பிரதாயம் என்று வீட்டு முதிய பெண்கள் சொல்ல, அவரும் அப்படியே வாய்க்காலில் விட்டுவிட்டார். சாமிநாதையர் கேட்டு எப்படித் துடித்திருப்பார் என்று நினைத்தாலே நமக்கு நெஞ்சு அடைக்கிறது. ஆனாலும் அந்தப் பெண்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எரிக்கச் சொல்லவில்லை, எடைக்குப் போடச் சொல்லவில்லை. தங்களுக்குத் தெரிந்த உயர்ந்த வழியில், தேர்கட்டி அனுப்பச் சொன்னார்கள். வாசிக்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் அவர்கள் இல்லையே.

கரிவலம்வந்தநல்லூரில் நடந்தது இன்னும் கொடுமை. வரகுணராம பாண்டியர் சேர்த்து வைத்த நூல்நிலையம், வாரிசில்லாமல் போனதால் கோயிலுக்கு வந்து சேர்ந்திருந்தது. பாண்டியர் குலத்தின் புத்தகசாலை. சாமிநாதையர் போய் விசாரித்தபோது, கூளம் கூளமாகக் கிடந்த பழைய ஏடுகளை ஆகமத்தில் சொன்னபடி நெய்யில் தோய்த்து ஓமத்தில் போட்டுவிட்டதாகப் பதில் வந்தது. இங்கேயும் மரியாதைக்குக் குறைவில்லை. நெய்கூட ஊற்றியிருக்கிறார்கள். வாரிசில்லாச் சொத்தை யாருக்குச் சேர்ப்பது என்று சட்டம் சொல்லும். வாரிசில்லா ஏட்டை என்ன செய்வது என்று கேட்க அன்றைக்கு ஆள் இல்லை.

இந்த ஆற்றங்கரையில் கைவிட்டுப் போனவை ஏடுகள் மட்டும் இல்லை. ஆழ்வார்திருநகரியிலிருந்து கிழக்கே கடலைப் பார்த்துப் போனால் ஒவ்வொன்றாக வரும். கொற்கை பாண்டியர் துறைமுகம். கிரேக்க வணிகக் கையேடு ஒன்று கிபி முதல் நூற்றாண்டிலேயே அங்கே தண்டனைக் கைதிகளை வைத்து முத்தெடுத்ததைச் சொல்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் விலகி, இன்றைக்குக் கொற்கை வயலுக்கும் வாழைக்கும் நடுவில் உள்நாட்டுக் கிராமமாக இருக்கிறது. துறை பழையகாயலுக்கு நகர்ந்தது. மார்க்கோ போலோ வந்து பார்த்த காயல் அதுதான் என்று கால்டுவெல் நிறுவினார். அதுவும் மேடானது. பிறகு புன்னைக்காயல், அப்புறம் தூத்துக்குடி. முத்துக்குளிப்பு, அதாவது சலாபமும் இப்படித்தான். கடலடிப் பார்களில் சிப்பி இல்லாமல் வருஷக்கணக்கில் நின்றுபோவதும், திடீரென்று சிப்பி கண்டு கூடுவதுமாக இருந்து, 1955-இல் தொடங்கிய வரிசை 1961-இல் முடிந்தது. அதன்பிறகு சலாபம் கூடவில்லை.

புன்னைக்காயலில் சற்று நிற்க வேண்டும். என்றிக்கே என்றீக்கசு பாதிரியார் பரதவர்களுக்காகத் தமிழ் அச்சு நூல்களை உண்டாக்கியவர். 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சேறியது. 1586-இல் வந்த அடியார் வரலாறு புன்னைக்காயலில் அச்சானதாக அறிஞர்கள் கொள்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து ஆற்றோடு போனால் போய்ச் சேரும் தூரத்தில், சாமிநாதையர் ஓலை தேடி வருவதற்கு முந்நூறு வருஷம் முன்னால், தமிழ் எழுத்து ஈயத்தில் வார்க்கப்பட்டிருக்கிறது! அந்த அச்சு கரையோடு நின்றுவிட்டது. மேலே ஏறி வரவில்லை. வந்திருந்தால் என்று நினைக்கும்போது மனசு பொறுக்கவில்லை. ஒரே ஆறு. முகத்துவாரத்தில் அச்சு, நடுவில் எழுத்தாணி. இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்கவே இல்லை.

போனது போனதுதான் என்று இந்த ஊர்க்காரனாக என்னால் சொல்ல முடியாது. போனது திரும்பி வந்த ஊர் இது. குருகூர் என்பது பழைய பெயர். நம்மாழ்வார் உறங்காப்புளியின் அடியில் வீற்றிருந்த இடம். அவர் பாடிய திருவாய்மொழியே ஒருகாலத்தில் வழக்கில் இல்லாமல் போயிற்று என்று குருபரம்பரை சொல்கிறது. காட்டுமன்னார்கோயில் நாதமுனிகள், வந்தவர்கள் சிலர் பாடிய பத்துப் பாட்டைக் கேட்டார். ஆயிரத்தில் இது பத்து என்று அந்தப் பாட்டே சொல்லியது. மீதி எங்கே என்று கேட்டுக் குருகூர் வந்தார். ஊரில் ஆயிரமும் இல்லை. நம்மாழ்வாரின் சீடர் மதுரகவியார் வழியில் வந்த பராங்குசதாசர் என்பவரிடம் கண்ணிநுண் சிறுத்தாம்பு பதினொரு பாட்டு இருந்தது. அதைப் பன்னீராயிரம் முறை சேவித்து அந்த ஆயிரத்தோடு ஆழ்வார்கள் பாடிய நாலாயிரத்தையும் நம்மாழ்வாரிடமிருந்து பெற்றார் என்பது வரலாறு. நம்பிக்கையுள்ளவர்கள் அந்தப் பன்னீராயிரத்தைப் பேசுவார்கள். எனக்கு அந்தப் பதினொன்றின்மேல்தான் கண். எல்லாம் போனபிறகும் பராங்குசதாசர் பதினொன்றை விடாமல் வைத்திருந்தார். வந்து கேட்டவருக்குக் கொடுக்க ஏதோ ஒன்று இருந்தது.

அடுத்து ஊரே போயிற்று. 14-ஆம் நூற்றாண்டில் டில்லிப் படைகள் தெற்கே வந்தபோது, திருவரங்கத்திலிருந்து நம்பெருமாள் வெளியேறியதுபோல ஆழ்வார் விக்கிரகத்தையும் எடுத்துக்கொண்டு மேற்கே மலையாள நாட்டுக்குப் போனார்கள். கள்ளர் பயத்தால் பெட்டியில் வைத்து மலைச்சரிவில் இறக்கி மறைத்தார்கள். பின்னால் அதை மீட்கச் சங்கிலியைப் பிடித்துப் பள்ளத்தில் இறங்கிய தோழப்பர் என்பவர், ஆழ்வாரை மேலே அனுப்பிவிட்டு, தான் விழுந்து உயிர்விட்டார். ஆழ்வார் கர்நாடகத்துத் திருக்கணாம்பியில் வெகுகாலம் இருந்தார். அந்த வருஷங்களில் இங்கே தெருவெல்லாம் காடு.

காட்டை வெட்டி ஊரைத் திரும்ப உண்டாக்கியவர் திருவாய்மொழிப் பிள்ளை. மதுரையில் அரசாங்கப் பொறுப்பில் இருந்தவர். கூரகுலோத்தம தாசர் அவரைத் தேடிப்போய்ச் சம்பிரதாயத்துக்கு இழுத்தார். பதவியை விட்டார். குருகூருக்கு வந்தார். முள்ளும் புதரும் வெட்டி, கோயிலைத் துலக்கி, தெரு அமைத்து, ஆட்களைக் குடியேற்றி, ஆழ்வாரை அழைத்து வந்து எழுந்தருளப் பண்ணினார். அவருடைய சீடர்தான் மணவாள மாமுனிகள். இன்றைக்கு வைகாசியில் ஒன்பது திருப்பதிப் பெருமாள்களும் ஒன்பது கருடன்மேல் வந்து நிற்க, ஆழ்வார் எதிர்கொள்ளும் சேவையைப் பார்க்க எங்கிருந்தோ சனங்கள் வருகிறார்கள். கோயில் வாசலில் பழம் விற்கிறவருக்கும் சரி, பத்திரம் எழுத என் கடைக்கு வருகிறவர்களுக்கும் சரி, இந்த வீதி ஒருகாலத்தில் காடாகக் கிடந்தது என்று சொன்னால் நம்பமுடிவதில்லை.

பத்துப்பாட்டைத் தேடிய சாமிநாதையர் இந்த ஊருக்கும் வந்தார். லட்சுமண கவிராயர் என்பவர் வீட்டில் ஏடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒவ்வொரு கட்டாக அவிழ்த்துப் பார்த்தார். வேறு என்னென்னவோ இருந்தன, பத்துப்பாட்டு இல்லை. சோர்ந்துபோன நேரத்தில், சில சுவடிகள் தம் மாமனார் வீட்டில் இருப்பது கவிராயருக்கு ஞாபகம் வந்தது. ஆனால் மாமனாருக்கும் மருமகனுக்கும் அப்போது மனக்கலப்பு இல்லை. போய்க் கேட்கத் தயக்கம். ஊரில் அன்றைக்குத் திருவிழா. வீதியில் புறப்பாடு வந்தபோது, தமிழ் வேதம் பாடியவர் ஊரில் தமிழ்நூல் தேடி வந்து வெறுங்கையோடு போகலாமா என்ற ஏக்கத்தோடு சாமிநாதையர் வேண்டிக்கொண்டார். இரவு கவிராயர் ஒரு சுவடியோடு வந்து நின்றார். நிலா வெளிச்சத்திலேயே கட்டை அவிழ்த்துப் பார்த்தால் முல்லைப்பாட்டு என்று கண்ணில் பட்டது. பத்துப்பாட்டு நச்சினார்க்கினியர் உரையோடு 1889-இல் அச்சில் வந்தது.

ஆழ்வார் அருள் என்பார்கள். நானும் அப்படித்தான் கும்பிடுகிறேன். ஆனால் அன்று இரவு நடந்த ஒரு காரியத்தைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும். பேச்சுவார்த்தை சரியில்லாத மாமனார் வீட்டுப் படியை ஒரு மருமகன் மிதித்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று குடும்பப் பத்திரம் எழுதுகிறவனுக்குத் தெரியும். வரப்புத் தகராறுக்காக முப்பது வருஷம் பேசாத அண்ணன் தம்பியை எனக்குத் தெரியும். தாயார் சாவுக்கு வாசலோடு நின்றுவிட்டுத் திரும்பிய மகனையும் தெரியும். கவிராயர் தம் ரோஷத்தை ஒதுக்கி வைத்தது நிலத்துக்காகவோ நகைக்காகவோ அல்ல. யாரோ ஓர் அயலூர்க்காரர் கேட்ட பாட்டுக்காக.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாரும் மறக்கமாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சனங்கள் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் ஊருக்குள் தாமிரபரணி வந்தது. தண்ணீர் வடிந்தபிறகு பல மாதம் என்னிடம் வந்தவர்களுக்கு ஒரே குறை: பீரோவில் இருந்த மூலப்பத்திரம் கூழாகிவிட்டது. எல்லோருக்கும் நான் சொன்ன பதிலும் ஒன்றுதான். பயப்படாதீர்கள், பதிவு செய்த பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் இருக்கும், மனு போட்டால் சான்றிட்ட நகல் வாங்கிவிடலாம். முகம் தெளிந்து போவார்கள். அந்த நாட்களில்தான் ஏடுகளின் நிலை எனக்கு முழுசாகப் புரிந்தது. நம் சொத்துக்கு அரசாங்கம் ஒரு நகல் வைத்திருக்கிறது. ஏட்டுக்கு ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு கைதான் நகல். அந்தக் கை நின்றுபோனால், ஆறு கொண்டுபோனாலும் கரையான் தின்றாலும் ஓமத்தில் விழுந்தாலும் மனு போட்டு வாங்க இடமில்லை.

சில வருஷமாக நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பழைய வீட்டைப் பாகம் பிரிக்கவோ, ஒருவர் தம் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதவோ வந்தால், தபசிலை முடிக்கும் முன், "அண்ணாச்சி, பரணில் ஓலைச்சுவடி ஏதாவது கிடக்குதா?" என்று கேட்பேன். பெரும்பாலும் இல்லை என்பார்கள். சிலர் யோசிப்பார்கள். ஒருமுறை ஒரு அக்கா, "அது யாருக்கு வேணும், ஆத்துல விட்டுரலாம்னு அத்தை சொன்னாங்க" என்றார். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். பார்த்தபோது அது வைத்திய ஏடு. பாதி செல்லரித்திருந்தது. இன்னார் வசம் இருக்க வேண்டும், இன்னார் கேட்டால் பார்க்கத் தர வேண்டும் என்று இரண்டு வரி எழுதிச் சேர்த்தேன். அதற்கு மதிப்பு என்ன போடுவது என்று கேட்டார்கள். மதிப்பு போடவில்லை.

இதை வாசிக்கிறவர்கள் வீட்டில் அப்படி ஒரு கட்டு இருந்தால் சில விஷயங்கள் சொல்கிறேன். வெயிலில் காயப்போடாதீர்கள், ஓலை முறுகி ஒடியும். ஈரத் துணியால் துடைக்காதீர்கள். நல்லெண்ணெயோ மஞ்சளோ நீங்களாகத் தடவாதீர்கள். ஒட்டியிருக்கும் ஏடுகளை நகத்தால் பிரிக்காதீர்கள். கயிறு இற்றிருந்தால் அவிழ்க்காமல், சுத்தமான பருத்தித் துணியில் அப்படியே சுற்றி, தரையில் படாமல் உயரத்தில் வையுங்கள். ஏட்டின் வரிசை மாறக்கூடாது. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் இருக்கிறது, பெசன்ட் நகரில் உ.வே.சா. நூல்நிலையம் இருக்கிறது, தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஏட்டைக் கொடுக்க மனமில்லை என்றால் படம் எடுத்துக்கொள்ளவாவது விடுங்கள். எழுத்து புரியவில்லையே என்று வெட்கப்பட வேண்டாம். இன்றைக்குப் பெரும்பாலோருக்குப் பார்த்தவுடன் புரியாது. வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் வருகிறவரை அது யார் வீட்டில் இருக்கிறது என்று உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தால் போதும்.